பழி சுமந்த விலங்கு

இளமையில் ஒருநாள் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெருந்தீனிக்காரன் என்று பொருள்படும் சொல்லுக்கு எதிரே ஒரு விலங்கின் சிறு படம் இருந்தது. கரடிக்குட்டி போன்ற உடல், அடர்ந்த வால், அகன்ற பாதங்கள். வுல்வரின் என்பது அதன் மற்றொரு பெயர். தின்பதையே தொழிலாகக் கொண்ட இழிந்த விலங்கு போலும் என்று எண்ணி ஏட்டைத் திருப்பிவிட்டேன். அவ்வெண்ணம் பிழை என்று அறிவதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

அப்பழி மிகப் பழமையானது. ஓலாவுசு மாக்னுசு என்னும் சுவீடன் நாட்டுப் பாதிரியார் 1555-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இவ்விலங்கு வயிறு புடைக்கத் தின்றபின், நெருங்கி நிற்கும் இரு மரங்களுக்கிடையே உடலை நுழைத்து நெருக்கி, உண்டதை வெளியேற்றிவிட்டு, மீண்டும் தின்னச் செல்லும் என்று அந்நூலில் எழுதினார், படமும் சேர்த்தார். அது வெறுங்கதை. ஆயினும், பெருந்தீனி எனப் பொருள்படும் 'குலோ' என்ற இலத்தீன் சொல்லே அறிவியலிலும் அதற்குப் பெயராக நிலைத்துவிட்டது. அதுவும் 'குலோ குலோ' என இருமுறை! ஒருமுறை பழித்தது போதவில்லை போலும்.

உண்மை வேறு. நம் காவிரியில் நீந்தும் நீர்நாய்க்கு இது உறவு. வட அமெரிக்கா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா ஆகிய நிலங்களின் குளிர்ந்த காடுகளும் மலைகளுமே இதன் உறைவிடம். ஆண் விலங்கின் எடை பெரும்பாலும் 12 முதல் 18 கிலோ வரை இருக்கும். குளிர்காலத்தில் அங்கே இரை அரிது. ஓநாய்கள் தின்று விட்டுச்சென்ற எலும்பும், பனிச்சரிவில் மாண்ட மலையாடுமே பல நாள் உணவு. உறைந்து கல்லாகிவிட்ட இறைச்சியைக் கிழிப்பதற்கு ஏற்ப, அதன் மேல்தாடைக் கடைவாய்ப் பல் உட்புறமாகத் திரும்பி அமைந்துள்ளது. கிடைத்ததை எல்லாம் அது தின்று தீர்ப்பதுமில்லை. எஞ்சியதைப் பனியிலும் பாறையிடுக்கிலும் புதைத்துவைத்து, இரையில்லா நாளில் தோண்டி உண்ணும். குதிரில் நெல் சேர்த்துவைப்பவரை யாரேனும் பெருந்தீனிக்காரர் என்பரோ?

தாய் விலங்கு ஆழ்ந்த பனியைக் குடைந்து வளை அமைத்து, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வெண்மயிர் போர்த்த குட்டிகளை ஈனும். பனியே அக்குட்டிகளுக்குக் கம்பளம். மொண்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவில் 2002 முதல் 2007 வரை ஆராய்ந்தோர், தந்தையும் குட்டிகளைக் காண வந்துபோவதையும், வளர்ந்த குட்டி தந்தையுடன் கூடித் திரிவதையும் கண்டனர். இன்றோ உலகம் வெப்பமடைந்து வருவதால் அம்மலைகளில் பனி குறைகிறது. அலாஸ்கா நீங்கலான தன் பெருநிலப் பகுதியில் இவ்வினம் அழியும் நிலையை நெருங்குகிறது என்று அமெரிக்க அரசு 2023-இல் அறிவித்தது.

இவற்றுள் ஒன்றை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. ஆராய்ச்சியாளர் அதற்கு 'எம் 56' என்று எண்ணிட்டிருந்தனர். 2009-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், அந்த இளம் ஆண் விலங்கு வயோமிங் மலைகளை விட்டுத் தனியே புறப்பட்டது. வறண்ட வெளியையும் வண்டிகள் விரையும் நெடுஞ்சாலையையும் கடந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் சென்று, கொலராடோ மலைகளை அடைந்தது. 1919-க்குப் பின் அம்மாநிலத்தில் உறுதியாகக் காணப்பெற்ற முதல் வுல்வரின் அதுவே. அங்கே அதற்குத் துணையாக ஒரு பெண் விலங்கும் இல்லை. சில ஆண்டுகள் அங்குத் திரிந்தபின் அது மீண்டும் நடந்தது. 2016-இல், வடக்கு டகோட்டாவின் மேய்ச்சல் நிலம் ஒன்றில், மாடுகளுக்குத் தீங்கு செய்யும் என்று அஞ்சிய பண்ணையாள் ஒருவர் அதனைச் சுட்டு வீழ்த்தினார்.