மக்களே, ஒரு சந்தேகம்

நாளை மறுநாள் வணிகச் சட்டம் பரீட்சை. அதனால் படிப்பைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாமே சுவாரசியமாக இருக்கிறது. இந்தப் பதிவும் அப்படிப் பிறந்ததுதான், பொறுத்தருள்க.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அதன் உதாரணங்களில் வருகிற ஆட்கள் எல்லாம் 'ஏ', 'பி' தான். ஏ வீட்டை விற்கும், பி வாங்கும். ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது. ஆனால் சட்டம் பொதுவாக ஒரு 'நபர்' என்று ஆரம்பித்தால், அடுத்த வரிக்குள் 'ஹி' வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். "அப்போ நாங்க ஒப்பந்தம் போடக்கூடாதா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். 1897-ஆம் வருஷத்து ஜெனரல் கிளாசஸ் ஆக்ட், 13-வது பிரிவு: ஆண்பாலில் சொன்னால் பெண்ணும் அதற்குள் அடக்கம். சார் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

நான் போகவில்லை. தேடிப் பார்த்ததில் ரெஜினா குஹா கிடைத்தார். எம்.ஏ., பி.எல். படித்துவிட்டு அலிப்பூர் நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிய விண்ணப்பித்தவர். வக்கீல்கள் சட்டத்தில் 'ஹி' என்று இருந்தால் என்ன, அதில் நானும் உண்டுதானே என்பது அவர் பக்கத்து வாதம். மேலே சொன்ன அதே 13-வது பிரிவு. 1916-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முடியாது என்றார்கள். பெண்கள் வக்கீலாகத் தடையில்லை என்று 1923-ல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. 'ஹி'க்குள் பெண்ணும் அடக்கம் என்பது வரி கட்டும்போது உண்மை, வக்கீல் கோட்டு போடும்போது பொய்!

இதே 'ஹி' தொல்லையைத் தீர்க்கப் புதுச் சொல்லே செய்து பார்த்தவர்கள் இங்கிலீஷில் நிறைய. டென்னிஸ் பேரன் என்ற பேராசிரியர் இப்படிப்பட்ட சொற்களை 200-க்கு மேல் சேர்த்து 2020-ல் புத்தகமே போட்டார். அதில் எனக்குப் பிடித்த ஆள் சார்லஸ் கிரோசட் கான்வர்ஸ், அமெரிக்க வக்கீல். 'தட்', 'ஒன்' இரண்டையும் ஒட்டி 'தொன்' என்று ஒரு சொல் செய்தார். 1858-லேயே செய்துவிட்டதாகச் சொன்னார், அச்சில் கொண்டுவந்தது 1884-ல். 1934-ல் வெப்ஸ்டர் பெரிய அகராதியில் இடம் கிடைத்தது, 1961 பதிப்பில் தூக்கி எறிந்துவிட்டார்கள். யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். (நம்ம 'தான்' அந்த வேலையைச் சும்மா செய்துகொண்டிருக்கிறது. 'தான் செய்த தவறு' என்றால் யார் செய்தது, ஆணா பெண்ணா? சொல்லுங்கள் பார்ப்போம்.)

இதில் வேடிக்கை, அந்த மனுஷர் மெட்டும் போடுவார். 1868-ல் அவர் போட்ட ஒரு மெட்டில்தான் நம்ம மாவட்டத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் 'பாவ சஞ்சலத்தை நீக்க' பாடுகிறார்கள். நாங்கள் முட்டத்துக் கத்தோலிக்கர்கள், இருந்தாலும் நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த மெட்டு காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. மெட்டு கடல் தாண்டி முட்டம் வரை வந்தது. சொல் அமெரிக்காவிலேயே செத்தது.

கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் வீட்டிலேயே கிடந்த 'தே'யைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒற்றை ஆளுக்கும் அதைப் புழங்கி வந்திருக்கிறார்கள். 2019-ல் மெரியம்-வெப்ஸ்டர் அதையே அந்த வருஷத்துச் சொல்லாக அறிவித்தது.

இதையெல்லாம் நான் தேட உண்மையான காரணம் பரீட்சை இல்லை. எனக்கு ஒரு ஆள். பெயர் வேண்டாம், 'கூட்டாளி' என்று வைத்துக்கொள்வோம் (வணிகவியல் பிள்ளைகள் சிரிக்கக் கூடாது). பக்கத்துத் தெரு, ஒன்றாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது படிப்பு சென்னையில். போன வருஷம் திருவிழா லீவில், கலங்கரை விளக்கத்துப் பக்கம், பாரதிராஜா 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' எடுத்த அதே பாறைகளில் உட்கார்ந்திருந்தோம். "என்னை ஆண்னும் சொல்ல வேண்டாம், பெண்ணுன்னும் சொல்ல வேண்டாம். சென்னையில இங்கிலீஷ்ல 'தே'ன்னு சொல்றாங்க, சரியா இருக்கு. தமிழ்ல உன்னை என்ன சொல்லச் சொல்லட்டும்?"

'அவர்' இருக்கே என்றேன். அதுவும் 'தே' மாதிரிதான், ஒரு காலத்தில் பலர்பால், இப்போது மரியாதைக்கு ஒருவருக்கும் வரும். கூட்டாளிக்குச் சிரிப்பு. "நீ என்னை 'அவர் வந்தார்'னு சொன்னா, நான் என்ன கலெக்டரா?"

வாயடைத்துப் போனேன். உண்மைதானே. மரியாதை வேண்டுமானால் தமிழில் பொதுச்சொல் இருக்கிறது. நெருக்கம் வேண்டுமானால் அவன் அல்லது அவள்தான். அதோடு முடிந்தால் பரவாயில்லை, வினையிலும் வால் இருக்கிறது: வந்தான், வந்தாள், வந்தார். மலையாளத்தில் 'அவன் வந்நு, அவள் வந்நு', வினைக்குக் கவலையே இல்லை. 1956 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தோம், இதை மட்டுமாவது வாங்கி வைத்திருக்கலாம்.

மிச்சம் இருப்பது 'அது'. இங்கேதான் எனக்குத் தொண்டையில் முள் நிற்கிறது. ஒன்பதாம் கிளாஸில் கூட்டாளியின் நடையைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, பையன்கள் வைத்த பெயர் 'அது'. "அது வருது பாருல." நான் ஆரம்பிக்கவில்லை. ஆனால் சிரித்தேன். ஒரு தடவை நானும் சொல்லியிருக்கிறேன், கூட்டாளியின் காதுபட.

அப்புறம் இலக்கணத்தைப் புரட்டினால், நம்ம ஆட்கள் இதை யோசிக்காமல் இல்லை. 'பேடி' என்ற சொல்லுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணை ஈறுகளையே கொண்டு முடியும் என்கிறது தொல்காப்பியம். தெய்வங்களின் பெயரையும் அதே நூற்பாவில் சேர்த்துச் சொல்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்மையை விரும்பினால் ஆண்பால், பெண்மையை விரும்பினால் பெண்பால் என்கிறது. அந்த ஆளின் விருப்பம்தான் கணக்கு! 13-ஆம் நூற்றாண்டில்! கைதட்டலாம் என்று எழுந்தால், இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று அதே நூற்பாவின் கடைசியில் கதவைத் திறந்து வைத்துவிட்டார் பவணந்தி. எங்கள் ஒன்பதாம் கிளாஸ் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்திருக்கிறது.

பாறையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வா மக்களே, உள்ள இரி. மரச்சீனி அவிச்சிருக்கு, மீன்கறி இருக்கு, தின்னுட்டுத்தான் போணும்." வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் ஒரே ஒரு ஆளையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். மகனானாலும் மகளானாலும், யார் வீட்டுப் பிள்ளையானாலும். பன்மைச் சொல்தான், ஆனால் 'அவர்' மாதிரி தள்ளி நிறுத்தாது, இழுத்து உட்கார வைக்கும்.

ஆனால் அது கூப்பிடுவதற்கு மட்டும்தான். ஆள் எதிரில் இருக்கும்வரை 'நீ', 'மக்களே' என்று பிரச்சினை இல்லாமல் ஓடிவிடுகிறது. எழுந்து வாசலைத் தாண்டியதும்தான் அவனா அவளா. அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"பாவம், மெலிஞ்சு போச்சு பிள்ளை. ஹாஸ்டல்ல ஒழுங்கா திங்குதோ என்னவோ."

போச்சு. திங்குது. எங்கள் 'வருது'வில் இருந்த அதே வால்தான். அதைக் கூட்டாளியிடம் சொன்னேன், ஒன்பதாம் கிளாஸையும் சேர்த்தே. ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "உங்க அம்மை சொல்லலாம். நீ சொல்லாதே" என்று மட்டும் வந்தது.

அதனால் நான் இப்போது சுற்றி வளைத்துத்தான் பேசுகிறேன். வந்தாச்சு, சாப்பிட்டாச்சு, கிளம்பியாச்சு. இந்த 'ஆச்சு'வில் ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. எல்லா இடத்திலும் ஓடாது, பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பேன். இந்தப் பதிவில் கூட்டாளி வரும் வரிகளை எழுதவே இரண்டு ராத்திரி ஆனது, திரும்பப் படித்தால் தெரியும்.

போன ஞாயிறு மறுபடி சென்னைக்குப் பயணம். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள், "பிள்ளைக்கு பஸ்ஸு கிடைச்சுதா?"

போனைப் பார்த்தேன். 'ஏறியாச்சு. சன்னல் சீட்டு.'