சித்திரை வெயிலில் மூன்று ஓட்டங்கள்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில் நடைபெறும் விளையாட்டு விழாக்களைக் காணாதவர் நம் வாசகர்களுள் அரியர். சனசமூக நிலையத்து முற்றத்திலே பந்தல் எழும். விடியுமுன்னரே ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். வழுக்குமரத்திற்கு எண்ணெய் பூசப்படும். முட்டியுடைத்தலுக்குக் கம்பங்கள் நாட்டப்படும். கயிறிழுத்தலுக்கு ஊரின் வடக்கும் தெற்கும் அணிவகுத்து நிற்கும். இவை யாவும் மைதானத்துக்குள் அடங்குவன. மைதானத்தின் எல்லையைக் கடந்து ஊரின் வீதிகளையே அரங்காக்கிக்கொள்வன சைக்கிளோட்டமும் மரதன் ஓட்டமுமாம். அவற்றுள்ளும் காலொன்றையே துணையாகக் கொண்டு ஓடும் மரதன் ஓட்டமே எளியவர்க்கு உரியது.

மரதன் என்னும் பெயரை நம்மவர் தாராள மனத்தோடு வழங்குகின்றனர். 3 மைல் ஓடினாலும் மரதன்தான். 10 கிலோமீற்றர் ஓடினாலும் மரதன்தான். உண்மையான மரதனின் தூரமோ 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கு வரை ஓடப்பட்ட தூரம் அது. 1921இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதற்கு முன், 1896இல் ஏதென்சில் நடைபெற்ற முதலாவது ஒலிம்பிக் மரதனில் வென்ற ஸ்பிரிடன் லூயிஸ் என்பவர் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். நான் சொல்ல வந்த செய்தியும் தண்ணீரைப் பற்றியதே.

நான் ஐம்பது வயதினன். அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து கடமை புரிபவன். பரிசு பெற்றதும் இல்லை, பெறப்போவதும் இல்லை. என் இளமைக் காலத்திலே, ஊரடங்குச் சட்டமும் காவலரண்களும் நிறைந்திருந்த அந்த ஆண்டுகளில், விடியற்காலையில் ஒருவன் வீதியில் ஓடுவதென்பது எண்ணிப்பார்க்கவும் இயலாத காரியம். 2009இல் போர் முடிவுற்றபின், செப்பனிடப்பட்ட வீதிகள் ஒவ்வொன்றாக நம் கால்களுக்குத் திரும்பக் கிடைத்தன. ஓட வேண்டிய வயதில் ஓட முடியாதுபோன ஓட்டத்தை இப்பொழுது ஓடுகின்றேன் என்று சொல்லலாம். 2025ஆம் ஆண்டுச் சித்திரையில் மூன்று ஊர்களில் மூன்று ஓட்டங்களிலே கலந்துகொண்டேன். துணைக்கு வந்தவன் என் தமக்கையின் மகன்; பதினேழு வயது மாணவன்.

வடமராட்சிக் கரையிலே

முதலாவது ஓட்டம் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் நடைபெற்றது. வல்வெட்டித்துறையிலிருந்து கடற்கரை வீதி வழியே பருத்தித்துறை வரை, ஏறக்குறைய 8 கிலோமீற்றர். காலை 6 மணிக்கு விசில் ஊதப்பட்டபோது கடல் இன்னும் சாம்பல் நிறமாகவே இருந்தது. இடப்புறம் பாக்கு நீரிணை. வலப்புறம் வீடுகளும் பனைகளும். எதிரே, கிழக்கு வானில் மெல்ல எழுகின்ற ஞாயிறு.

வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் அதனை நீந்திச் சென்று நீந்தியே மீண்டார். இத்தகைய மனிதர் வாழ்ந்த கரையிலே 8 கிலோமீற்றர் ஓடி மூச்சு வாங்குவதற்குச் சற்று நாணமாகவே இருந்தது.

பொலிகண்டியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். திக்கத்தைக் கடந்தபோது ஒரு சிறுவன் தன் சைக்கிளில் எனக்கு இணையாக வந்து, "ஐயா, முன்னுக்குப் போனவை இன்னும் கனதூரம் போகேல்லை" என்று பொய்யுரைத்து உற்சாகமூட்டினான். இலங்கையின் வடகோடியாகிய சக்கோட்டை முனையை அணுகியபோது கடற்காற்று முகத்தில் பட்டது. வெயில் ஏறுமுன்னரே பருத்தித்துறையை அடைந்துவிட்டோம். மருமகன் ஆறாவதாக வந்தான். நான் முப்பத்தொன்றாவதாக வந்தேன். ஆளுக்கொரு இளநீர் கிடைத்தது. ஓட்டம் என்பது இத்துணை இனியதா என்று தோன்றிற்று.

பண்ணைத் தாம்போதியிலே

இரண்டாவது ஓட்டம் புத்தாண்டுக்கு மறுநாள். யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகே புறப்பட்டு, பண்ணைத் தாம்போதி வழியே அல்லைப்பிட்டி வரை சென்று மீள்வதாக அமைந்திருந்தது. ஏறக்குறைய 10 கிலோமீற்றர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையின் நிழலிலே நாங்கள் காலை ஆறரை மணிக்கே கூடிவிட்டோம். ஆனால் பிரதம விருந்தினர் வந்துசேரவில்லை. அவர் வந்து கொடியசைத்த பின்னரே ஓட்டம் தொடங்கவேண்டும் என்று விழாக் குழுவினர் கூறிவிட்டனர். ஒன்பது மணி கடந்தபின் கொடி அசைந்தது. ஓடுவதற்காகவென்று வெறும் தேநீரோடு வீட்டை விட்டு வந்த இளைஞர்கள் பலர்.

இங்கே வானநூல் சார்ந்த ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். வடக்கு நோக்கிச் செல்லும் சூரியன் ஏப்பிரல் மாதத்தின் முதல் இரு வாரங்களில் இலங்கையைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து செல்கின்றது. யாழ்ப்பாணத்தின் நேர் உச்சியில் அது நிற்பது புத்தாண்டை ஒட்டிய நாள்களிலேதான். அந்நாள்களின் நண்பகலில் நட்ட கம்பத்துக்கும் நிழல் இல்லை. சோளகக் காற்றும் அப்போது முழுமூச்சாக வீசத் தொடங்குவதில்லை. வெயிலும் புழுக்கமும் கைகோத்து நிற்கும் காலம் அது.

தாம்போதியின் இருபுறமும் ஆழமற்ற கடல்நீர். நீர்ப்பறவைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. மரமென்று சொல்ல ஒன்றில்லை. மேலே வெயில், கீழே தாரின் வெக்கை, பக்கத்தில் நீரிலிருந்து தெறிக்கும் ஒளி. வழியிலே தண்ணீர் வைக்கப்பட்டிருக்கவில்லை. மண்டைதீவுச் சந்தியைக் கடந்து சிறிது தூரத்தில், எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் இடமும் வலமுமாகத் தள்ளாடுவதைக் கண்டேன். பெயரைக் கேட்டேன்; பொருந்தாத மறுமொழி சொன்னான். அடுத்த கணம் வீதியோரத்தில் சரிந்துவிட்டான். அவன் உடல் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப் போலச் சுட்டது.

நீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வலையை விட்டுவிட்டு மேலே ஏறிவந்தார். தம் சாரத்தை நனைத்து அவன் மார்பிலும் கழுத்திலும் போர்த்தினார். வாளியில் கடல்நீரை அள்ளி அள்ளி ஊற்றினார். "முதல் சூட்டை இறக்குங்கோ, பிறகு ஆசுப்பத்திரி" என்பதே அவர் சொன்ன ஒரே வசனம். முச்சக்கர வண்டி ஒன்றை மறித்து அவனை ஏற்றியபோது அவன் கண் திறந்து என்னைப் பார்த்தான். நானும் அவனோடு வைத்தியசாலைக்குச் சென்றேன். ஆதலால் அந்த ஓட்டத்தை நான் முடிக்கவில்லை. இரண்டு நாள்களின் பின் அவன் நலமாக வீடு திரும்பினான். அவனுடைய தாயார் வைத்தியசாலை வாசலிலே, "ஓட்டப் போட்டியெண்டுதானே அனுப்பினனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்ன குரல் இன்னும் என் செவியை விட்டு அகலவில்லை.

உடலின் கணக்கு

அந்த முதியவர் எந்த மருத்துவ நூலைப் படித்தாரோ அறியேன். ஆனால் இன்றைய மருத்துவம் சொல்வதும் அதுவே. வெப்பத்தால் மயங்கி வீழ்ந்தவனை முதலில் குளிரச் செய்க, பின்னர் கொண்டு செல்க என்பதே விதி.

ஓடுகின்ற உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே காலுக்கு வேலையாகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றும் வழி வியர்வை. வியர்வை ஆவியானாற்றான் உடல் குளிரும். புழுக்கமான காற்றில் அது ஆவியாகாமல் சொட்டி வீழ்கின்றது. மணிக்கு ஒரு லீற்றரும் அதற்கு மேலும் நீர் உடலைவிட்டுப் போகலாம். உப்பும் கூடவே போகும். தலைச்சுற்றல், வாந்தி, மயிர்க்கூச்செறிதல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியவை தோன்றினால் அதற்கு மேல் ஓர் அடியும் வைத்தலாகாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் வெயிலில் வீழ்ந்த போர்த்துக்கல் நாட்டு வீரர் லாசரோ மறுநாள் உயிர் நீத்தார். 2019இல் டோகாவில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் போட்டியிலே, வெப்பத்துக்கு அஞ்சிப் பெண்கள் மரதனை நள்ளிரவிலே தொடங்கினார்கள். அப்படியிருந்தும் ஓடிய 68 பேரில் 28 பேரால் முடிக்க இயலவில்லை. தோக்கியோ ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டங்கள் 2021இல் குளிர்ச்சி மிகுந்த சப்போரோ நகரத்திலேயே நடத்தப்பட்டன. உலகத்தின் தலைசிறந்த வீரர்களுக்கே இத்துணைக் காவல் வேண்டியிருக்குமாயின், வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் நம் பிள்ளைகளுக்கு எத்துணைக் காவல் வேண்டும்! 2024இல் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தியை நாம் அதற்குள் மறந்துவிடலாகாது.

செம்மண் வீதியிலே

மூன்றாவது ஓட்டத்துக்கு என் தமக்கை மகனை அனுப்ப மறுத்தார். "தண்ணியும் டொக்டரும் இருக்கெண்டு நீ போய்ப் பாத்துவந்து சொல்லு, பிறகு விடுறன்" என்றார். நான் முதல்நாள் மாலையே சென்று விழாக் குழுவினரிடம் விசாரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை, வழியின் படத்தை எடுத்துக் காட்டினார்கள். கோப்பாயிலிருந்து நீர்வேலி, சிறுப்பிட்டி வழியாகப் புத்தூர்ச் சந்தி வரை தண்ணீர் வைக்கும் இடங்கள் அதில் குறிக்கப்பட்டிருந்தன. மருமகனுக்கு அனுமதி கிடைத்தது.

சித்திரை மாதக் கடைசி, காலை 5.45 மணி. ஓடியவர்களுள் பெண்பிள்ளைகளும் பலர். நீர்வேலியின் வாழைத் தோட்டங்களுக்கு இறைத்த நீரின் ஈரம் வீதிவரை குளிர்ச்சி தந்தது. செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் விளைந்த மண்ணின் வாசனை. படலைகள் தோறும் குடங்களும் செம்புகளும். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் வழக்கத்தை அவ்வூரார் அப்படியே ஓட்டத்துக்கும் கொண்டுவந்திருந்தனர். ஓரிடத்தில் தேசிக்காய்த் தண்ணீர். மற்றோரிடத்தில் உப்பிட்ட மோர். நான் நிற்காமல் கடந்துவிட முயன்றபோது ஒரு மூதாட்டி குறுக்கே வந்து, "ஓடுறது கிடக்கட்டும் தம்பி, முதல் ஒரு மிடறு குடியுங்கோ" என்று செம்பை நீட்டினார். அந்தக் கட்டளையை மீறும் துணிவு எவருக்கு உண்டு?

அந்த ஒரு செம்பு நீரின் அருமையை அறிய யாழ்ப்பாணத்து நிலத்தை அறியவேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். அத்தகைய நிலத்திலே, சித்திரைக் கோடையில், முன்பின் அறியாத ஓட்டக்காரனுக்குக் குடம் குடமாக நீர் வைத்துக் காத்திருப்பதே பெரிய உபகாரம்.

மருமகன் மூன்றாம் இடம் பெற்றான். நான் வந்துசேர்ந்தபோது பரிசளிப்புக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. பிரதம விருந்தினர் அப்போதுதான் வந்திறங்கினார். அவருக்காக ஓட்டம் காத்திருக்கவில்லை, அவரும் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. எனக்குப் பின்னாலும் நால்வர் வரவேண்டியிருந்தது. கடைசியாக வந்த பெரியவர் கோட்டைக் கடக்கும்வரை ஒலிபெருக்கி ஓயவில்லை. தண்ணீர்க் குடங்களும் எடுக்கப்படவில்லை.

மூன்று ஓட்டங்களிலும் ஓடியவர் ஏறக்குறைய ஒரே தரத்தினர். வெயிலும் ஒரே வெயில். வேறுபட்டது ஊரின் ஆயத்தம் ஒன்றுதான். ஓடுவோரைக் குறித்துச் சொல்வதற்கும் சில உண்டு. பெற்றோர் பிள்ளைகளை வெறும் வயிற்றோடு அனுப்பவேண்டாம். காய்ச்சல் கண்டு தேறியவரை அவ்வாரம் ஓடவிடவும் வேண்டாம். மாணவர்கள் போட்டிக்கு இரு வாரங்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாக வெயிலில் பழகிக்கொள்ளட்டும். தாகத்துக்கு அளவாகக் குடிக்கட்டும், வெறும் நீரை அளவின்றிக் குடிப்பதும் தீது. அருகில் ஓடுபவன் தள்ளாடினால் இடத்தை மறந்து அவனைத் தாங்கட்டும்.

விழா எடுப்போருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த சித்திரைக்குத் துண்டுப்பிரசுரம் அச்சிடும்போது, பிரதம விருந்தினரின் பெயரை எழுதுவதற்கு முன், ஞாயிறு எழும் நேரத்தையும் தண்ணீர் வைக்கும் இடங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சியதை நம் பிள்ளைகளின் கால்கள் பார்த்துக்கொள்ளும்.