கையும் கண்ணும் பேசும் மொழி

வாய் பேசும் மொழிக்கு எழுத்து உண்டு, இலக்கணம் உண்டு, அகராதியும் உண்டு. உடல் பேசும் மொழிக்கு இவை எதுவும் இல்லை. ஆயினும் குழந்தை முதலில் கற்பது இம்மொழியைத்தான். இது உலகுக்கெல்லாம் பொதுமொழி என்று பலர் எண்ணுகின்றனர். எங்கள் ஊருக்கு வந்து பார்த்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோவில். பல்லவர் காலக் குடைவரைக் கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். உயர்த்திய அவரது கை 'அஞ்சேல்' என்கிறது. வெளியே ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் போக்குவரத்துக் காவலரும் உள்ளங்கையை உயர்த்துகிறார். அது 'நில்' என்கிறது. கிரேக்க நாட்டிலோ, விரல்களை விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டினால் அது பெரும் வசை! கை ஒன்று, பொருள் மூன்று.

நம் முன்னோர் இத்துறையை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில்; 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில். அரசவையில் குறிப்பறிவது வேறு, காதலில் குறிப்பறிவது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அச்சமும் உவகையும் முகத்தில் தோன்றும் விதம் மக்களினம் முழுமைக்கும் ஏறத்தாழ ஒன்றே என்று 1872இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் கூறினார். ஆனால் மரியாதையையும் மறுப்பையும் காட்டும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். எங்கள் ஊரில் பிரியும் சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்கிறது. இப்பகுதியில், இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரியாவின் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் நிசான், ரெனோ கூட்டு ஆலை திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளுக்குப் புதிதாக வரும் அயல்நாட்டார், நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிச் 'சரி' என்பதை 'இல்லை' என்று கொண்டு மயங்குவதுண்டு. அது சிரித்து மறக்கக்கூடிய மயக்கம். சில மயக்கங்கள் அப்படியல்ல.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், பெரியவர்கள் எதிரில் இருக்கிறார்களே என்று கண்ணைத் தாழ்த்தி அடக்கமாக விடை சொன்னார். விடைகள் எல்லாம் சரி. ஆனால் "தன்னம்பிக்கை போதாது" என்று அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்க ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டுச் சம்பளம் வந்திருந்தால் அவர் தம்பி படிப்பை நிறுத்தியிருக்க மாட்டான்.

அவரைத் தேர்வு செய்ய அமர்ந்திருந்தவர்கள் யார்? அயல்நாட்டாரா? அல்லர், நம் தமிழர்களே! மூத்தோர் முன் கண்ணைத் தாழ்த்துவது கொரியாவிலும் பணிவின் அடையாளந்தான். அந்நாட்டுப் பெரியவர் ஒருவர் எளிதில் உணரக்கூடியதை, மேனாட்டு அளவுகோலைக் கையில் எடுத்த நம்மவர் உணரவில்லை.

நண்பர்களே! வேலை தேடிச் செல்லும் நாம் நிமிர்ந்து பார்த்துப் பேசப் பழகுவோம். அது இக்காலத்துக்கு வேண்டிய மொழி. ஆனால் நாளை நம்மில் சிலர் தேர்வு செய்யும் நாற்காலியில் அமர்வோம். அன்று நம் எதிரே தலைகுனிந்து ஒரு கிராமத்துப் பிள்ளை வந்து நின்றால், மதிப்பெண் இடுமுன் அக்குனிவின் பொருளைக் கேட்டறிவோம்.