எஞ்சின் நின்றாலும் அழுத்தம் நிற்பதில்லை

ஊரிலே நான் கிளிநொச்சியில் ஒரு ட்ராக்டர் கராஜில் வேலை செய்தவன். வயலுக்குள் ஓடிய மசி பெர்கூசன்களைக் கழற்றிப் பூட்டியே என் இளமை போயிற்று. அந்தப் பெயரின் முதற்பாதி ரொறன்ரோவில் பெரிய தொழிற்சாலை நடத்திய ஒரு குடும்பத்தின் பெயர் என்பது இங்கு வந்த பிறகுதான் தெரியும். அக்குடும்பத்துப் பெரியவர் 1894இல் கட்டிக் கொடுத்த மசி மண்டபத்தைக் கண்டபோது ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்ததுபோல இருந்தது.

1993ஆம் ஆண்டு இலையுதிர்காலம். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில், ஒரு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். எங்கள் கட்டிடத்தின் பின்புறம் தண்ணீர்க்குழாய் திருத்த நிலம் தோண்டினார்கள். அந்தக் குத்தகைக்காரரிடம் எனக்கும், எங்களோடு இருந்த ஒரு தம்பிக்கும் கூலி வேலை கிடைத்தது. அவன் கனடா வந்து இரண்டு மாதம்தான்.

ஒருநாள் பாக்கோவின் வாளியை மடக்கும் சிலிண்டரிலிருந்து ஓயில் ஒழுகத் தொடங்கியது. சீல் தேய்ந்துவிட்டது. "கழற்றி வையுங்கள், கடைக்குக் கொண்டுபோக வேண்டும்" என்று போர்மன் சொல்லிவிட்டு நகர்ந்தார். எஞ்சினை நிற்பாட்டியிருந்தார், ஆனால் வாளி கிடங்கின் மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது பிழை என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. என் ஆங்கிலம் அரைகுறை. வாடகை கட்டும் நாளும் நெருங்கியிருந்தது. தம்பி ஸ்பனரை எடுத்து ஹோஸின் நட்டில் வைத்தபோதுதான் என்னையறியாமல் கத்தினேன்.

"தம்பி, கையை எடு!"

"ஏனண்ணை? எஞ்சின் நிப்பாட்டித்தானே கிடக்கு?"

புதிதாக இவ்வேலைக்குப் போவோர் அறிய வேண்டியது இதுதான். தொங்கும் வாளியின் பாரம் முழுவதையும் சிலிண்டருக்குள் அடைபட்ட ஓயில் தாங்கி நிற்கிறது. காரின் ரயரில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அழுத்தம். இந்த இயந்திரங்களின் ஓயில் 2500, 3000 இறாத்தல் வரையும் போகும். நட்டைத் தளர்த்தினால் ஓயில் பீறிடும், வாளி விசுக்கென்று ஆடும். ஊசித்துளை ஒழுக்கு என்றாலும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தோலுக்குள் ஓயில் பாய்ந்தால் வெளியே ஊசி குத்திய அடையாளம்தான் தெரியும், நோகாமலும் இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "அழுத்த ஓயில் ஏறியது" என்று சொல்லாவிட்டால் விரலோ கையோ போகலாம்.

போர்மன் திரும்பி வந்து முறைத்தார். தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லோடு கையாலும் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எஞ்சினை இயக்கி, வாளியை நிலத்தில் முழுதாக இருத்தினார். எஞ்சினை நிற்பாட்டியபின் லீவர்களை எல்லாப் பக்கமும் பலமுறை அசைத்து மிச்ச அழுத்தத்தை இறக்கினோம். வாளி உருளாமல் மரக்கட்டை வைத்தோம். நட்டைச் சுற்றி மண்ணைத் துடைத்து, மெல்ல மெல்லத் தளர்த்தினோம். ஹோஸ்களுக்கு அடையாளம் கட்டி, மண் போகாதபடி வாயை மூடினோம். சிலிண்டரைப் பட்டியால் தாங்கிப் பிடித்த பிறகுதான் பின்னைத் தட்டிக் கழற்றினோம்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. நாளைக்கு வேலைக்கு வராதே என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு நாளில் சிலிண்டர் புதுச் சீலோடு வந்தது, நாங்களே பூட்டினோம்.

ஒன்ராறியோவின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் 1979இலேயே நடைமுறைக்கு வந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தனக்கோ சக தொழிலாளிக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த வேலையை மறுக்கலாம். மேலாளரிடம் உடனே சொல்ல வேண்டும். அப்படி மறுத்ததற்காக வேலையால் நிற்பாட்டுவது சட்டவிரோதம். நிரந்தரக் குடியுரிமை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்தத் தம்பி இன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறான். அவன் எனக்கு நன்றி சொல்லும்போதெல்லாம், நான் வாய்மூடி நின்ற அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு ஞாபகம் வரும். நீங்கள் அந்த ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலாவது கத்துங்கள்.