ஸ்ரீகாந்த் அட்டை

1983 ஜூன் 25, லார்ட்ஸ் இறுதிப் போட்டி. இந்தியா எடுத்தது 183 ரன்தான். அதில் அதிகபட்சம் நம்ம சென்னை ஸ்ரீகாந்த் அடித்த 38! அன்றிலிருந்து ஆலங்குடிப் பையன் ஒருவனுக்கு அவர்தான் ஹீரோ.

அப்புறம் பெட்டிக்கடைகளுக்கு பிக் ஃபன் பபிள்கம் வந்தது. உள்ளே வீரர் படம் போட்ட அட்டை, அதில் ரன், விக்கெட் கணக்கு. சேர்த்துக் கொடுத்தால் பரிசு. கொடுத்த அட்டை திரும்பி வராது.

பக்கத்து பெஞ்ச் நண்பனுக்குப் பரிசு வாங்க ஒரே ஒரு அட்டை குறைந்தது. இவனிடமிருந்த ஸ்ரீகாந்தைக் கேட்டான். இவன் தரவில்லை. ஒரு வருஷம் பேச்சே இல்லை!

இப்போது இருவருக்கும் ஐம்பது தாண்டியாச்சு. அட்டையில் ஸ்ரீகாந்திடம் கையெழுத்து வாங்கும் ஆசை மட்டும் இன்னும் பாக்கி. திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நண்பன் முதலில் கேட்பது இதைத்தான்:

"டேய், அந்த அட்டை பத்திரமா இருக்கா?"