சீனத்துப் பழந்தேயிலை

மண்ணூரில் பொழுது புலர்வதற்கு முன்பே தேநீர்க் கடைகள் விழித்துக்கொண்டுவிடுகின்றன. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ்கள் சாலையோரம் வந்து நிற்கும். இரவு வேலை முடிந்து திரும்புகிறவரும், காலை வேலைக்குப் புறப்படுகிறவரும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து அருந்தும் பானம் ஒன்றுதான். பாலும் சர்க்கரையும் மிகுந்து, இஞ்சி தட்டிப் போட்டு, செக்கச் சிவக்க ஆற்றிக் கொடுக்கிற டீ. எங்கள் ஊரில் தேயிலை என்றால் தூள். இலையைக் கண்டவர் யார்?

கைத்தொலைபேசி செய்யும் ஆலையொன்றில் வேலை பார்க்கும் என் பழைய மாணாக்கன், பயிற்சிக்காகச் சீன தேசத்து ஷென்ஷென் நகரில் மூன்று மாதம் தங்கி வந்தான். திரும்பியதும், "ஐயா, தங்களுக்காக வாங்கி வந்தேன்" என்று வட்டமான காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். பிரித்துப் பார்த்தால், சாக்ஷாத் வறட்டியேதான்! என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நம் வீட்டில் காஸ் அடுப்பு என்பதை அந்தப் பிள்ளை மறந்துவிட்டானா?" என்றாள்.

அது யுன்னான் மாகாணத்துப் 'பூ-அர்' தேயிலை. ஆவி காட்டி, அழுத்தி, வில்லையாகச் செய்து உலர்த்துகிறார்கள். ஒரு வில்லை வழக்கமாக 357 கிராம். ஏழு வில்லைகளை மூங்கில் மடலில் சுற்றிக் கட்டினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. கோவேறு கழுதையின் முதுகில் ஏறி மலைகளைக் கடந்து திபேத்துக்குப் போகவேண்டிய சரக்கு அல்லவா? இலையை உதிரியாக அனுப்பினால் கட்டுமா!

கத்தி முனையால் சிறிது பெயர்த்து, கொதிநீர் விட்டு, முதல் நீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டாம் நீர்தான் குடிக்க. பாலைக் காட்டவே கூடாதென்று பையன் எச்சரித்திருந்தான். நிறமோ கருங்காப்பி, மணமோ மழையில் நனைந்த வைக்கோற்போர். முதல் வாய்க்குக் கஷாயம் என்றே தோன்றிற்று. மூன்றாம் வாயில் தொண்டைக்குள் மெல்லிய இனிப்பு ஒன்று எழுந்தது. அதே இலையில் ஏழெட்டுத் தடவை நீர் விட்டும் சாரம் தீரவில்லை. சிக்கனமான குடும்பத்துக்கு ஏற்ற பானம்!

இதைப் 'புளிக்க வைத்த தேயிலை' என்கிறார்கள். நீலகிரி ஆலைகளிலும் இலையைப் புளிக்கவிடுவதாகச் சொல்வது வழக்கம். ஆனால் அது வேறு சங்கதி. வாழைக்காயை நறுக்கி வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கிறதே, அந்த ஜாதி மாற்றம் அது. பூ-அர் நம் இட்லி மாவுக்குப் பங்காளி. நுண்ணுயிர்கள் உள்ளே புகுந்து மெய்யாகவே வேலை செய்கின்றன. இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடி, அவ்வப்போது கிளறி, ஒன்றரை இரண்டு மாதம் வைத்திருப்பார்கள். குவியலின் உள்ளே சூடு தானே ஏறும். இந்தத் துரித முறை 1973-இல் குன்மிங் நகரத்து ஆலையில் உருவானது. அதற்கு முன்னெல்லாம் வில்லை தானாகப் பழுக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீனர் இவ்வகைக்குத்தான் 'கறுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் கறுப்பு என்ற நம் தேயிலைக்கு அவர்களிடம் 'சிவப்பு' என்று பெயர். எங்கள் கடைக்காரரின் 'செக்கச் சிவக்க' சீனருக்குச் சம்மதமான பேச்சு!

இந்தக் கலை நம் தேசத்திலும் இல்லாமற் போகவில்லை. அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசங்களில் வாழும் சிங்போ மக்கள் இலையை வறுத்து, வெயிலில் காயவைத்து, மூங்கிற் குழாயில் திணித்து, அடுப்பின் மேலே புகையில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். 1823-இல் ராபர்ட் புரூஸ் என்ற வெள்ளைக்காரருக்கு அஸ்ஸாமில் தேயிலைச் செடி உண்டென்று காட்டியவர் சிங்போத் தலைவர் ஒருவரே. 1839-இல் லண்டனில் அஸ்ஸாம் கம்பெனி பிறந்தது. அப்புறம் காடும் அவர்களுடையது, புகழும் அவர்களுடையது.

பையனுடைய பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இலங்கையில் பதுளைப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவள். 1964-ஆம் வருஷத்துச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அந்த ஜனங்களைக் கேட்டா செய்தார்கள்? வந்து சேர்ந்தவள் கோத்தகிரியில் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். இரு தேசத்திலுமாக நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள், இப்போது பேரனோடு மண்ணூரில் இருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்து வந்தான். கோப்பையை நீட்டினோம். அவள் அதை ஒரு புறம் வைத்துவிட்டு, பாத்திரத்திலிருந்து ஈர இலையை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, விரலால் நீவி நீவிப் பிரித்தாள்.

"காம்போட மூணு இலை! வாத்தியாரையா, இப்படி முத்தலைப் பறிச்சுக்கிட்டு நிறுவைக்குப் போயிருந்தா எங்க கங்காணி அரைப்பேருதான் போட்டிருப்பான்" என்றாள்.

அரைப்பேர் என்றால் பாதி நாட் கூலி. ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கிள்ள வேண்டுமென்பது தோட்டத்துச் சட்டம். அவ்வளவு பார்த்துக் கிள்ளியவர்களுக்குத் தோட்டம் வீட்டுக்குக் கொடுத்து வந்ததோ தூள்.

"எலை முழுசா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "கடிச்சுக்க ஒரு துண்டு கருப்பட்டி கெடைக்குமா, அம்மா?" என்று கேட்டாள்.