வேகமும் பிடிமானமும்

தன் கால்களின் ஆற்றல் போதாதென்று மனிதன் எண்ணிய நாளிலேயே வேகத்தின் வரலாறு தொடங்கிவிட்டது எனலாம். குதிரையையும் பாய்மரத்தையும் நீராவியையும் பெற்றோலையும் அவன் ஒன்றன்பின் ஒன்றாகத் துணைக்கு அழைத்துக்கொண்டான். ஆயின் ஆற்றலைப் பெறுவது ஒரு கலை. பெற்ற ஆற்றலை நாள்தோறும் வாழும் வாழ்வோடு இணைப்பது வேறொரு கலை. முன்னதைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கலைப்பீட மாணவன் ஒருவன் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், சென்ற விடுமுறையின்போது ஒரு சிறு காரை முன்னிட்டு எங்கள் குடும்பத்தில் நடந்த நீண்ட விவாதம் அந்த இரண்டாவது கலையைப் பற்றி என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்தது.

எனது ஊர் சம்பூர். கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் நாங்கள். மறுகரையில் திருகோணமலைத் துறைமுகம். கடல்வழியே பார்த்தால் நகரம் அருகில் இருப்பதுபோலத் தோன்றும். தரைவழியே செல்வோர் கட்டைபறிச்சான், மூதூர், கிண்ணியா எனக் குடாவைச் சுற்றியே போக வேண்டும். 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே ‘பாதை’ என்று அழைக்கப்படும் மிதவைக்காகக் காத்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இன்று வழியெங்கும் பாலங்கள் உள்ளன. தார் வீதியும் உண்டு. அந்த வீதியில் நாள்தோறும் காலையில் நகருக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புகிறவர் என் பெரியம்மாவின் மகன். அவரை நான் அண்ணா என்றே அழைப்பேன்.

அண்ணாவின் கார் டொயோட்டா ஸ்டார்லட் ஈ.பி. 82 வகையைச் சேர்ந்தது. 1989 இன் இறுதியில் யப்பானில் அறிமுகமான இச்சிறு வண்டி ஒரு தொன்னுக்கும் குறைந்த எடையுடையது. 1331 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் கொண்டது. கத்தாரில் ஆறு ஆண்டுகள் உழைத்த பணத்தில் அவர் இதை வாங்கினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இலங்கையில் பழைய கார்களின் விலை ஏறியதை யாவரும் அறிவர். 2025 பெப்ரவரியில் அத்தடை நீக்கப்பட்ட பின்னரும் புதிய வண்டி எங்களைப் போன்றோர்க்கு எட்டாக் கனியாகவே உள்ளது. ஆகவே, இருக்கும் வண்டியையே விரும்பிய வண்டியாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அண்ணாவின் ஆசை. அதற்கு டேர்போ பூட்ட வேண்டும் என்றார்.

டேர்போ என்ற சொல் எங்களூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. பஸ்களின் முகப்பிலும் லொறிகளின் பக்கவாட்டிலும் அதை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் தத்துவமோ எளியது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை வீணே காற்றில் கலக்கிறது. அப்புகையைக் கொண்டு ஒரு சிறு சில்லைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய மற்றொரு சில்லினால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தினால், கூடுதல் காற்றோடு கூடுதல் எரிபொருளும் எரியும், வலு பெருகும். 1905 இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். நெடுங்காலம் பெரிய டீசல் எஞ்சின்களோடு இருந்த இக்கருவி, விற்பனைக்கு வந்த கார்களில் இடம்பெற்றது 1962 இல் அமெரிக்காவிலேயாகும். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் இச்சில்லின் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. எண்ணெய் பழுதானால், அல்லது அது செல்லும் குழாய் அடைபட்டால், அச்சு சில நிமிடங்களிலேயே தேய்ந்து போகும். வீணாகும் ஒன்றிலிருந்து வலுவைப் பெறும் இக்கருவி அதற்கு ஈடாக ஓயாத பராமரிப்பைக் கேட்கிறது.

அண்ணாவின் முன்னே மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, தொழிற்சாலையிலேயே டேர்போ பூட்டப்பட்ட எஞ்சினை முழுமையாக வாங்கி மாற்றுவது. இதே ஸ்டார்லட்டின் ஜீ.ரீ. வகையில் அத்தகைய எஞ்சின் இருந்தது. அதன் வலு 135 குதிரைவலு, முறுக்குவிசை 157 நியூற்றன் மீற்றர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கக்கூடும். ஆயின் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் குறிக்கப்பட்டிருப்பதால், எஞ்சினை மாற்றுவோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்தியாக வேண்டும். இரண்டாவது, இருக்கும் எஞ்சினிலேயே பெரிய டேர்போ ஒன்றைப் பூட்டுவது. மூன்றாவது, சிறிய டேர்போ ஒன்றைக் குறைந்த அழுத்தத்தில் பூட்டுவது.

பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. பெரிய சில்லைச் சுழற்றப் பெருமளவு புகை வேண்டும். அது திரளும்வரை வண்டி முன்போலவே நகரும். பின்னர் வலு முழுவதும் ஒரே மூச்சில் வந்து விழும். பந்தயத் தடத்தில் அது கொண்டாட்டம். கட்டைபறிச்சான் பக்கம் மாட்டு மந்தை வீதியைக் கடக்கும்போது அது தொல்லை. சிறிய சில்லோ விரைவிலேயே சுழலத் தொடங்கும். உச்ச வேகத்தில் அதற்கு மூச்சு முட்டினாலும், நாள்தோறும் ஓடும் வேகத்தில் கைகொடுக்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு. டேர்போவுக்கென்றே அமைக்கப்பட்ட எஞ்சினில் அமுக்க விகிதம் 8.2 தான், அண்ணாவின் சாதாரண எஞ்சினிலோ அது 9.6. ஏற்கெனவே இறுக அமுக்கும் எஞ்சினுக்குள் மேலும் காற்றைத் திணித்தால், தீப்பொறி எழுவதற்கு முன்போ அதன் பின் கட்டின்றியோ எரிபொருள் வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். அதைத் தவிர்க்க 95 ஒக்ரேன் பெற்றோல் வேண்டும். அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் வேண்டும். எரிபொருளையும் தீப்பொறியையும் அளந்து கொடுக்கும் கணினி ஒழுங்கும் வேண்டும். சிற்றூர்ப் பக்கம் 95 எந்நாளும் கிடைக்குமென்று நம்பியிருக்க முடியாது. 2022 இல் எந்தப் பெற்றோலும் கிடையாமல் வரிசையில் நின்ற நாட்டில் இதை எளிதில் மறந்துவிடலாகாது.

இவற்றையெல்லாம் அண்ணா நன்கறிவார். அவர் அதிகம் எண்ணாதிருந்தது கிளட்சைப் பற்றியே. எஞ்சினோடு சுழலும் கனத்த சில்லுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே ஓர் உராய்வுத் தட்டு இருக்கிறது. விற்சுருள் விசையால் அதை அழுத்திப் பிடிப்பது அழுத்தத் தட்டு. எஞ்சின் பெற்ற வலு முழுவதும் இப்பிடியின் வழியாகவே சக்கரத்தை அடைய வேண்டும். பிடியின் தாங்குதிறன் நான்கினால் ஆவது: உராய்வுப் பொருளின் தன்மை, அழுத்தும் விசை, தட்டின் ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. எஞ்சினின் முறுக்குவிசை இத்திறனை மீறினால் தட்டு வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கருகும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

அவ்வாறாயின் மிக வலிய கிளட்சை வாங்கிவிடலாமே என்று தோன்றும். பந்தயக்காரர் பயன்படுத்தும் பீங்கான் வில்லைத் தட்டுகள் நன்றாகவே பிடிக்கும். ஆனால் அவை மெல்லப் பிடிக்க அறியா. ஒன்றில் முழுப் பிடி, அன்றேல் விடுதலை. நகரச் சந்தியில் வண்டியை மெதுவாக எடுக்கும்போது அது குலுங்கும், துள்ளும். அழுத்தும் விசையை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ மிதி கனத்து இடது கால் வலிக்கும். மிதிக்குந்தோறும் எஞ்சினின் சுழலச்சைத் தாங்கும் பகுதியும் கூடுதல் சுமையை ஏற்க வேண்டும். நல்ல கிளட்ச் என்பது பிடிக்கத் தெரிந்தது மட்டுமன்று. விடவும் தெரிந்தது, இரண்டுக்கும் இடையே சற்று நெகிழவும் தெரிந்தது.

திருகோணமலையில் கராஜ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அண்ணாவோடு நானும் சென்றிருந்தேன். விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடை சொன்னவர், முடிவில் இப்படிச் சொன்னார்: “தம்பி, எஞ்சின் எவ்வளவு இழுக்கும் எண்டு எல்லாரும் கேக்கிறாங்க. ஒவ்வொரு நாளும் எவ்வளவு இழுக்க வேணும் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல. அதை முதல்ல சொல்லுங்க. அதுக்கு ஏத்த கிளட்சைப் போடுவம். பிறகு அந்தக் கிளட்ச் தாங்கிற அளவுக்கு டேர்போவைப் பாப்பம்.”

நாள்தோறும் எவ்வளவு? இக்கேள்விக்கு விடை எங்கள் தெருவில் இருந்தது. இரவில் யாருக்கேனும் நோயென்றால் முதலில் தட்டப்படுவது அண்ணாவின் வீட்டுப் படலைதான். 1990 என்று அழைத்தால் சுவசெரிய ஊர்தி வரும். ஆயினும் அது வந்து சேரும்வரை பொறுக்க முடியாத வேளைகளும் உண்டு. பிள்ளைப்பேற்று வலியோடு மூதூர் வைத்தியசாலைக்குச் சென்ற பெண்களும், மூச்சிழுப்போடு சென்ற முதியவர்களும் அந்தப் பின்னிருக்கையை அறிவர். வலுவுக்காகப் பூட்டிய ஒரு கருவியினால் அந்த வண்டி ஓரிரவு நடுவழியில் நின்றுபோனால், அது அண்ணா ஒருவரின் நட்டமாக இராது. பெரியம்மாவின் அச்சமும் இதுவே. “நீ போற வேகம் எனக்குத் தெரியத் தேவையில்ல மகன், நீ வந்து சேந்தாப் போதும்” என்றார்.

இவ்விடத்தில் அண்ணாவின் பக்கத்தையும் கூறாது விடுவது நேர்மையாகாது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊர் பெயர்ந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு மூன்று. மட்டக்களப்புப் பக்கம் சில காலமும், பின்னர் கிளிவெட்டி முகாமில் பல ஆண்டுகளும் கழிந்தன. எங்கள் குடும்பம் சம்பூர் மண்ணை மீண்டும் மிதித்தது 2016 இல். பதினான்கிலிருந்து இருபத்துநான்கு வரையிலான காலம் மனிதன் ஓடித் திரியும் காலம். அது முழுவதும் அவருக்குத் தகரக் கூரையின் கீழ் நகராமல் நின்றது. “பத்து வருசம் ஒரே இடத்தில இருந்திட்டன் தம்பி. எனக்கெண்டு ஒரு வேகம் இருக்கக் கூடாதா?” என்று அவர் கேட்டபோது, அதை வீண் ஆசை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. ஆசையைக் கண்டிப்பது எளிது. அது பிறந்த இடத்தை அறிவதே கடினம்.

இறுதியில் அண்ணாவே முடிவெடுத்தார். எஞ்சினை மாற்றுவதில்லை. அதே அளவான, வழக்கமான உராய்வுப் பொருளால் ஆன தட்டும், சற்றே விசை கூடிய அழுத்தத் தட்டும் முதலில் போடப்பட்டன. பிறேக்கும் ரயரும் புதுப்பிக்கப்பட்டன. விரைந்து செல்ல விரும்புபவன் விரைந்து நிற்கவும் வேண்டுமன்றோ! இப்பிடியோடு சில மாதங்கள் ஓடியபின், தேவையான அனுமதிகளையும் கேட்டறிந்துகொண்டு, சிறிய டேர்போவை 0.4 பார் அழுத்தத்தில் பூட்டுவதாகத் திட்டம். கடல்மட்டத்தில் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். அதனோடு இதை ஒப்பிட்டால், எஞ்சின் பெறப்போவது இப்போதைய மூச்சைவிட மூன்றிலொரு பங்கோ சற்றுக் கூடவோதான். பத்திரிகைப் படங்களில் கண்ட கார் இதனால் அண்ணாவுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆயினும் உப்பாற்றுப் பக்கம் லொறியொன்றை முந்தும்போது முதுகை மெல்லத் தள்ளும் ஒரு கை அவருக்குக் கிடைக்கும். மறுநாட் காலையிலும் வண்டி கிளம்பும்.

ஆற்றலைப் பற்றிய பேச்சு எங்களூருக்குப் புதிதன்று. நாங்கள் முகாமிலிருந்த காலத்திலேயே சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கான பணி தொடக்கிவைக்கப்பட்டது. எத்தனை மெகாவாற்று என்ற கணக்கு எப்போதும் முதலில் வருகிறது. அந்த ஆற்றல் எந்த நிலத்தின் மீது, எவருடைய நாளாந்த வாழ்வின் ஊடாகச் செல்லும் என்ற கேள்வி பிந்தியே வருகிறது. கராஜ் பெரியவரின் முறை இதற்கு நேர்மாறானது: தாங்குவதை முதலில் அளந்துகொள், தள்ளுவதைப் பின்னர் தேர்ந்துகொள்.

பல்கலைக்கழகத்தில் நாமும் வலுவைத் தேடியே வந்திருக்கிறோம். பட்டமும் பதவியும் புலமையும் நம்மை முன்னே தள்ளும் ஆற்றல்கள். அவற்றை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அவ்வாற்றல் நம் வீட்டையும் ஊரையும் சென்றடைய நடுவே ஒரு பிடிமானம் வேண்டும். அது முரட்டுப் பிடியாகவும் இருத்தலாகாது. வழுக்கும் பிடியாகவும் இருத்தலாகாது. எஞ்சின் எத்துணை உறுமினாலும் அப்பிடி இல்லையேல் சக்கரம் சுழலாது.